தோப்பை விற்ற பணமும் ஜெபிக்க முடியாத மனமும்

கேள்வி: ஐயா அவர்களுக்கு ஸ்தோத்திரம். எனக்கு வயது 41, பள்ளிக்கூட ஆசிரியை. அப்பா காலமான பிறகு எங்கள் தென்னந்தோப்பை மனை போடுகிறவர்களுக்கு விற்றோம். என் பங்காக 46 லட்சம் ரூபாய் வந்திருக்கிறது. நாங்கள் வெள்ளிக்கிழமைதோறும் போகிற உபவாச ஜெபத்தில் "விதைத்தால் நூறு மடங்கு" என்று போதிக்கிறார்கள். என் கணவர் 10 லட்சத்தை அங்கே விதைக் காணிக்கையாகக் கொடுக்க வேண்டும் என்கிறார். சபை ஊழியராக இருக்கும் என் அண்ணனோ, பணம் ஆத்துமாவைக் கெடுத்துவிடும், முழுவதையும் மிஷனரி ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டுப் பழையபடி இரு என்கிறார். அம்மாவின் மூட்டு அறுவை சிகிச்சை தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் 22 வருஷமாக அங்கேயே குடிசை போட்டிருந்தார். அவரையும் காலி செய்யச் சொல்லியாயிற்று. இப்போது என்னால் ஜெபிக்கவே முடியவில்லை. முழங்காற்படியிட்டால் பாஸ்புக்தான் கண்முன் நிற்கிறது. பணம் வைத்திருப்பது பாவமா, ஐயா?

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தகப்பன் உழைத்துச் சேர்த்த நிலத்தில் உங்களுக்கு வந்த பங்கு பாவமல்ல. ஆபிரகாம் மந்தைகளும் வெள்ளியும் பொன்னும் உடையவராயிருந்தார்; இரத்தாம்பரம் விற்ற லீதியாள் தன் வீட்டைத் திறந்து பவுலை ஏற்றுக்கொண்டாள்; ஏரோதின் காரியக்காரன் மனைவி யோவன்னாள் முதலான பெண்கள் தங்கள் ஆஸ்திகளால் ஆண்டவருக்கு ஊழியம் செய்தார்கள் என்று லூக்கா 8-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போதும் எல்லாத் தீமைக்கும் வேர் பண ஆசை என்றுதான் எழுதினார், பணம் என்று எழுதவில்லை. இதை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். ஆகையால் இதில் அதிகம் நிற்காமல், உங்களை உண்மையில் வருத்துவது எது என்பதற்கு வருகிறேன்.

உங்கள் கணவரின் யோசனையும் அண்ணனின் யோசனையும் ஒன்றுக்கொன்று நேர் எதிரானவை போலத் தோன்றுகின்றன. ஒருவர் பணத்தைப் பெருக்கக் கொடுக்கச் சொல்லுகிறார், மற்றவர் பணத்தை விட்டுத் தப்பக் கொடுக்கச் சொல்லுகிறார். ஆனால் இருவருடைய கணக்கிலும் இரண்டே பேர்தான் இருக்கிறார்கள்: நீங்களும் தேவனும். ஒருவருக்கு அது கொடுக்கல் வாங்கல், மற்றவருக்கு அது ஆத்தும சோதனை. இரண்டிலும் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை. வேதத்தில் பணத்தைப்பற்றிப் பேசுகிற பகுதிகளை நான் எத்தனை முறை திருப்பிப் பார்த்தாலும், ஏறக்குறைய எல்லா இடத்திலும் அந்த மூன்றாவது ஆள் நின்றுகொண்டிருக்கிறான், அல்லது வாசலருகே கிடக்கிறான்.

மாற்கு 10-ஆம் அதிகாரத்தில் ஆண்டவரிடம் ஓடிவந்து முழங்காற்படியிட்ட ஐசுவரியவானை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அண்ணன் இந்தப் பகுதியைத்தான் உங்களுக்குக் காட்டியிருப்பார். நித்திய ஜீவனைச் சுதந்தரிக்க என்ன செய்யவேண்டும் என்று அவன் கேட்டபோது இயேசு கற்பனைகளைச் சொல்லுகிறார்: விபசாரம், கொலை, களவு, பொய்ச்சாட்சி, அதற்கு அடுத்து "வஞ்சனை செய்யாதிருப்பாயாக" என்று ஒரு வார்த்தை வருகிறது. இதே சம்பவத்தை எழுதிய மத்தேயுவிலும் லூக்காவிலும் இந்த வார்த்தை இல்லை. சீனாய் மலையில் கொடுக்கப்பட்ட பத்துக் கட்டளைகளிலும் இந்த வடிவில் இல்லை. மாற்கு பயன்படுத்தும் கிரேக்கச் சொல்லுக்கு, ஒருவனுக்குச் சேரவேண்டியதை அவனுக்குக் கொடாமல் வைத்துக்கொள்வது என்று பொருள். கத்தோலிக்க சகோதரர்களின் திருவிவிலியத்தில் உள்ள சீராக்கின் ஞான நூல், 4-ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில், ஏழையின் பிழைப்பைப் பறிக்காதே என்று சொல்லும்போது அதன் கிரேக்க மொழிபெயர்ப்பில் இருப்பதும் இதே சொல்தான். பாலஸ்தீனத்தில் மிகுந்த ஆஸ்தி என்றால் பெரும்பாலும் நிலம். நிலம் என்றால் அதில் உழைக்கிற கூலியாட்கள். நிலத்துக்காரனிடத்தில் பேசும்போது ஆண்டவர் இந்த ஒரு கற்பனையைச் சேர்த்துச் சொன்னதைத் தற்செயல் என்று என்னால் எண்ண முடியவில்லை.

அதன்பின்புதான், "இயேசு அவனைப் பார்த்து, அவனிடத்தில் அன்புகூர்ந்து" என்று வருகிறது. விற்று என்ன செய்யச் சொன்னார் என்பதையும் கவனியுங்கள். கடலில் எறிந்துவிடு என்று சொல்லவில்லை, தேவாலயத்துக் காணிக்கைப் பெட்டியில் போடு என்றும் சொல்லவில்லை. "தரித்திரருக்குக் கொடு" என்றார். அந்த மனிதன் தன்னையும் நித்திய ஜீவனையும் பற்றிக் கேட்க வந்தான், ஆண்டவர் அவனுக்கு வேறு மனிதர்களைக் காட்டினார். அவன் துக்கத்தோடே போய்விட்டதற்கு அவனுக்கிருந்த மிகுந்த ஆஸ்தி காரணம் என்று வசனமே சொல்லுகிறது. அந்த ஆஸ்தியின் மறுபக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதைப் பார்க்க நேர்ந்ததும் அந்தத் துக்கத்தில் ஒரு பங்காக இருந்திருக்கும் என்பது என்னுடைய எண்ணம்.

இப்போது உங்கள் கணவரின் பக்கத்துக்கு வருகிறேன். கொடுக்க வேண்டும் என்ற அவருடைய மனம் நல்ல மனம், அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அவருக்குப் போதிக்கப்பட்டது வேதத்திலுள்ள நூறு மடங்கு அல்ல. விதைக்கிறவன் உவமையில் விதை எது என்று ஆண்டவரே விளக்கியிருக்கிறார்: "விதைக்கிறவன் வசனத்தை விதைக்கிறான்" என்பது மாற்கு 4:14. அந்த நிலத்தில் விளைகிற நூறும் அறுபதும் ரூபாய் அல்ல. மாற்கு 10:30-இல் இம்மையிலே நூறத்தனையாக வீடுகளையும் நிலங்களையும் அடைவான் என்று இருப்பது உண்மை. ஆனால் அந்த வரிசையிலேயே தாய்களும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், முன்னால் "துன்பங்களோடேகூட" என்றும் இருக்கிறது. நூறு தாய்களை எவனும் சொத்தாகச் சேர்க்க முடியாது. விசுவாசத்தினிமித்தம் வீட்டை இழந்தவனுக்குச் சபையார் ஒவ்வொருவருடைய வீடும் திறந்திருக்கும், அங்கேயுள்ள ஒவ்வொரு தாயும் அவனுக்குச் சோறு போடுவாள் என்பதே அந்த வாக்கின் பொருள். அதாவது, நூறு மடங்கு என்பது கொடுத்தவனுடைய வங்கிக் கணக்கில் ஏறுவதல்ல, அடுத்தவருடைய கதவு திறப்பது.

"பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்" என்ற இரண்டாம் கொரிந்தியர் 9-ஆம் அதிகார வசனமும் அந்தக் கூட்டங்களில் அடிக்கடி ஒலிக்கும். பவுல் அதை எழுதியது எருசலேமிலிருந்த ஏழை விசுவாசிகளுக்காகப் பணம் திரட்டும்போது. முந்தின அதிகாரத்தில் அதன் நோக்கத்தை அவரே சொல்லிவிட்டார்: ஒருவருக்கு வருத்தமும் மற்றவருக்குச் சகாயமும் உண்டாகும்படியல்ல, சமநிலை இருக்கும்படி. அந்தப் பணத்தைக்குறித்து ஒருவரும் தம்மைக் குற்றப்படுத்தாதபடிக்கு, சபைகளால் தெரிந்துகொள்ளப்பட்ட சகோதரரைத் தம்மோடு சேர்த்துக்கொண்டார். அப்போஸ்தலனாகிய பவுலே தனியாகப் பணத்தைக் கையாள மறுத்திருக்கும்போது, 10 லட்சம் கொடுக்கப்போகிற ஒருவர் அந்த ஊழியத்தின் தணிக்கை செய்யப்பட்ட வரவுசெலவுக் கணக்கைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது. கேட்டதற்கு முகம் சுளித்தால், அதுவே உங்களுக்குக் கிடைத்த பதில்.

விதைக் காணிக்கை என்கிற இந்தப் போதனை அப்போஸ்தலர் காலத்துச் சரக்கும் அல்ல. கடந்த நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் ஓரல் ராபர்ட்ஸ், கென்னத் ஹேகின் முதலான பிரசங்கிமார் வழியாகப் பரவி, தொலைக்காட்சியில் ஏறி, ஆப்பிரிக்காவுக்கும் நம்முடைய ஊர்களுக்கும் வந்து சேர்ந்தது. 2008-லும் 2009-லும் கானா நாட்டில் கூடிய, லோசான் என்கிற உலகளாவிய சுவிசேஷ இயக்கத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க இறையியலாளர்கள், வறுமையும் வியாதியும் தினந்தோறும் கண்முன் இருக்கிற தங்கள் நாடுகளில் இந்தப் போதனை என்ன செய்கிறது என்று ஆராய்ந்து, அதன் சில வலியுறுத்தல்களில் உண்மை இருந்தாலும், மொத்தத்தில் அது வேதத்துக்கு ஒவ்வாத பொய்ச் சுவிசேஷம் என்று அறிக்கை வெளியிட்டார்கள். ஏழைக்கு அவனுடைய ஏழ்மையே விசுவாசக் குறைவின் சாட்சியாக நிறுத்தப்படுகிறது என்பதே இந்தப் போதனையைக்குறித்து என் மனதை எரிக்கிற காரியம்.

தசமபாகத்துக்கு, அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கொடுப்பதற்கு, நம் மேடைகளில் எடுக்கப்படுகிற வசனம் மல்கியா 3:10. அதே அதிகாரத்தில் ஐந்து வசனங்களுக்கு முன்னால், கூலிக்காரரின் கூலியை அபகரித்துக்கொள்ளுகிறவர்களுக்கு விரோதமாய்த் தாம் தீவிரமான சாட்சியாயிருப்பதாகக் கர்த்தர் சொல்லுகிறார். நான் ஊழியத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகிவிட்டது. 10-ஆம் வசனத்தின்மேல் கேட்ட பிரசங்கங்களுக்குக் கணக்கில்லை, 5-ஆம் வசனத்தின்மேல் கேட்டவற்றை ஒரு கை விரல்களிலேயே எண்ணிவிடலாம். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் தசமபாகமே மூன்றாம் வருஷத்தில் ஊருக்குள்ளேயே வைக்கப்பட்டு, லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்று உபாகமம் 14-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது.

இதை எழுதும்போது என்னுடைய குற்றம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான் இளம் குருவானவராகக் கடற்கரையோரச் சேகரம் ஒன்றில் இருந்தபோது, அறுப்பின் பண்டிகையில், காணிக்கையாக வந்த பொருட்களின் ஏலம் வழக்கம்போல நடந்தது. ஒரு எலுமிச்சம்பழத்தை, அன்றைக்கு ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளத்துக்குச் சமமான தொகைக்கு, உப்பளம் வைத்திருந்த ஒருவர் எடுத்தார். கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று, நானும் தட்டினேன். அசனச் சாப்பாடு முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, ஒரு பெண் ஆலயத்தின் பின்வாசலில் வந்து நின்றாள். உப்புத் தண்ணீரில் வெடித்துப்போன கால்கள். விரல் இடுக்குகளில் புண். முந்தானை முடிச்சை அவிழ்ப்பதும் முடிவதுமாகவே பேசினாள். தன் புருஷனுக்கும் தனக்கும் மூன்று மாதக் கூலி நிற்கிறது, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி கொடுப்பார் என்றாள். அவளுக்காக ஜெபம் பண்ணினேன், கையிலிருந்த சிறு தொகையைக் கொடுத்தேன், அனுப்பிவிட்டேன். முதலாளியிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கோபுரக் கட்டடம் பாதியில் நின்றிருந்தது, அவர்தான் பெருந்தொகை கொடுப்பதாகச் சொல்லியிருந்தார். "உங்கள் வயல்களை அறுத்த வேலைக்காரருடைய கூலி உங்களால் அநியாயமாய்ப் பிடிக்கப்பட்டுக் கூக்குரலிடுகிறது" என்ற யாக்கோபின் வசனத்தை இன்றைக்கும் என்னால் தடுமாறாமல் வாசிக்க முடிவதில்லை. அந்த எலுமிச்சம்பழத்தின் விலையில் எவ்வளவு அவளுடைய கூலி என்று நான் கேட்டிருக்க வேண்டும்.

அண்ணனின் வார்த்தையையும் நான் மரியாதையோடு எடுத்துக்கொள்ளுகிறேன். எல்லாவற்றையும் விட்டுவிடு என்ற அழைப்பு சிலருக்கு மெய்யாகவே வருகிறது. எகிப்து தேசத்து அந்தோனியார் கி.பி. 270-ஐ ஒட்டிய ஆண்டுகளில், பெற்றோர் இறந்து சில மாதங்களே ஆன நிலையில், ஆலயத்தில் இதே ஐசுவரியவான் பகுதி வாசிக்கப்படுவதைக் கேட்டு, தன் நிலங்களை ஊராருக்குக் கொடுத்துவிட்டு வனாந்தர வாழ்க்கைக்குப் புறப்பட்டார். ஆனால் அவருக்கு ஒரு தங்கை இருந்தாள். அவளுக்காக முதலில் கொஞ்சம் எடுத்துவைத்தார், அதையும் கொடுத்துவிட்டபோது, நம்பிக்கையான கன்னியர்களிடத்தில் அவளை ஒப்படைத்த பிறகே துறவு வாழ்வில் இறங்கினார் என்று அத்தனாசியார் எழுதியிருக்கிறார். அதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே அலெக்சாந்திரியா நகரத்துக் கிளமெந்து, செல்வந்தரும் இருந்த தன் சபையாருக்கு இதே பகுதியை விளக்கும்போது, எல்லோரும் எல்லாவற்றையும் எறிந்துவிட்டால் பசித்தவனுக்கு ஆகாரம் கொடுப்பதும் வஸ்திரமில்லாதவனுக்கு உடுத்துவிப்பதும் யாரால் ஆகும் என்று கேட்டார். இருவருமே திருச்சபையின் மதிப்புக்குரியவர்கள். உங்களுக்கு அந்தோனியாரின் அழைப்பு வந்திருக்கிறதா என்பதை அண்ணன் தீர்மானிக்க முடியாது. பயத்தினால் எடுக்கிற துறவு அழைப்பும் ஆகாது.

மிஷனரி ஊழியத்துக்குக் கொடுப்பது நம் மண்ணின் பெருமைகளில் ஒன்று. 1903-இல் பாளையங்கோட்டையில் அசரியா முதலானோர் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியபோது, நம் ஆட்களைக்கொண்டு, நம் பணத்தைக்கொண்டு, நம்முடைய நிர்வாகத்திலே நடத்துவது என்று உறுதிகொண்டார்கள். ஆகையால் கொடுங்கள். ஆனால் அது முதல் காரியமல்ல.

முதல் காரியம், உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த மனிதர். 22 ஆண்டுகள் உங்கள் தென்னைகளுக்குத் தண்ணீர் பாய்ச்சியவர். அந்தத் தோப்பு தோப்பாக நின்றதற்கு உங்கள் தகப்பனாரின் முதலீடு ஒரு காரணம், அவருடைய தோள் இன்னொரு காரணம். அவர் எங்கே போனார் என்று நீங்கள் எழுதவில்லை. "காலி செய்யச் சொல்லியாயிற்று" என்று, யார் சொன்னது என்பதும் தெரியாதபடி, எழுதியிருக்கிறீர்கள். உங்களுடைய ஜெபம் அந்த இடத்தில்தான் நின்றுபோயிருக்கிறது என்பது என் துணிபு. உங்கள் மனசாட்சி உங்களைவிட நன்றாகக் கணக்குப் பார்த்திருக்கிறது.

ஆறு வருஷம் வேலை செய்த அடிமையை விடுதலையாக்கும்போது அவனை வெறுமையாய் அனுப்பிவிடாமல், மந்தையிலும் களத்திலும் ஆலையிலும் எடுத்துத் தாராளமாய்க் கொடுத்தனுப்ப வேண்டும் என்றும், கர்த்தர் உன்னை ஆசீர்வதித்ததின்படி கொடு என்றும் உபாகமம் 15-ஆம் அதிகாரம் சொல்லுகிறது. ஆறு வருஷத்துக்கே அப்படியென்றால் 22 வருஷத்துக்கு என்ன என்று யோசியுங்கள். ஓர் அளவுகோலும் தருகிறேன். 1972-ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற நிறுவனங்களுக்கு, பணிபுரிந்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்று வகுத்தது. தனி ஒரு தோப்புக்காரருக்கு அந்தச் சட்டம் பொருந்தியதில்லை. ஆனாலும் நாட்டின் சட்டம் குறைந்தபட்ச நியாயம் என்று எதைக் கருதியது என்பது அதில் தெரிகிறது. அவருக்கு மாதம் 7,800 ரூபாய் கொடுத்துவந்தீர்கள் என்று வைத்துக்கொண்டால், மாதத்துக்கு 26 வேலைநாள் என்ற கணக்கில் நாளுக்கு 300, பதினைந்து நாளுக்கு 4,500, 22 ஆண்டுக்கு 99,000 ரூபாய். அது தர்மமல்ல, கடன். அதற்கு மேல் கொடுப்பதுதான் உபாகமம் சொல்லும் தாராளம்: பக்கத்து ஊரில் இரண்டு மூன்று சென்ட் இடம் வாங்கி, அவருடைய பெயரிலும் அவர் மனைவியிருந்தால் அவருடைய பெயரிலும் கிரயம் செய்து கொடுங்கள். இதை உங்கள் பங்கிலிருந்து மாத்திரம் செய்யாமல், அண்ணனையும் கூட்டிச் செய்யுங்கள். தோப்பு அவருக்கும் தகப்பன் சொத்துதானே.

அம்மாவின் அறுவை சிகிச்சையைக்குறித்து நான் நீட்டப்போவதில்லை. தாய் தகப்பனுக்குச் செய்யவேண்டிய உதவியைக் "கொர்பான்", அதாவது காணிக்கை, என்று சொல்லிவிட்டு அவர்களைக் கைவிடுகிறவர்களை மாற்கு 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எவ்வளவு கடுமையாகக் கடிந்துகொண்டார் என்பதை உங்கள் கணவரும் அண்ணனும் சேர்ந்து உட்கார்ந்து வாசிக்கட்டும். இந்த மாதத்திலேயே மருத்துவரிடம் நாள் வாங்குங்கள். நிலம் விற்றதற்கு வரி கட்டவேண்டியிருக்கிறதா என்பதை ஓர் ஆடிட்டரிடம் கேட்டு, அந்தத் தொகையைத் தனியே வைத்துவிடுங்கள். இவையெல்லாம் முடிந்து எஞ்சுகிற பணத்தில் பிள்ளைகளின் படிப்புக்கும் உங்கள் முதுமைக்கும் ஒதுக்குவதில் கூச்சம் வேண்டாம். நீதிமொழிகள் 30-இல் ஆகூர், தரித்திரத்தையும் ஐசுவரியத்தையும் எனக்குக் கொடாதிருப்பீராக, "என் படியை எனக்கு அளந்து என்னைப் போஷித்தருளும்" என்று கேட்டார். படி எவ்வளவு என்று ஒரு தொகையை நீங்களும் உங்கள் கணவரும் பேசி எழுதிவையுங்கள். அதற்கு மேற்பட்டதை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சு அப்போது எளிதாகும். அந்த 10 லட்சத்தையும் அதுவரை நிறுத்திவைக்கும்படி அவரிடம் அன்பாகச் சொல்லுங்கள்.

ஜெபத்துக்கு வருகிறேன். பாஸ்புக் கண்முன் வருகிறது என்று அதைத் துரத்தப் பார்க்காதீர்கள். அசீரிய ராஜாவின் மிரட்டல் நிருபம் வந்தபோது எசேக்கியா அதை வாசித்து, கர்த்தருடைய ஆலயத்துக்கு எடுத்துப்போய், கர்த்தருக்கு முன்பாக விரித்தான் என்று இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் 19-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நீங்களும் பாஸ்புக்கைக் கையில் எடுத்து, வேதப்புத்தகத்தின் பக்கத்தில் விரித்து வையுங்கள். பெரிய தொகை வரவு வைக்கப்பட்ட அந்த வரியின்மேல் விரலை வைத்துக்கொண்டு, இந்தப் பணத்துக்குள் யார் யாருடைய உழைப்பு இருக்கிறது என்று ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள்: அப்பா, அம்மா, தேங்காய் வெட்டியவர்கள், களை பறித்த பெண்கள், குடிசையில் இருந்தவர். வேறு வார்த்தைகள் வராவிட்டாலும் பரவாயில்லை. பெயர்களைச் சொல்லுவதே சில நாட்களுக்கு உங்கள் ஜெபமாக இருக்கட்டும்.

லூக்கா 16-இல் ஐசுவரியவானுக்குப் பெயர் இல்லை, வாசலில் கிடந்தவனுக்கு லாசரு என்று பெயர் இருக்கிறது. ஆண்டவர் சொன்ன உவமைகளில் பெயரிட்டுச் சொல்லப்பட்டவன் அவன்தான் என்று உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்திருப்பீர்கள். பாதாளத்தில் வேதனைப்படும்போது ஐசுவரியவான் அந்தப் பெயரைச் சரியாகச் சொல்லி, அவனைத் தன்னிடம் அனுப்பும்படி கேட்கிறான். தன் வாசலில் கிடந்தவனுடைய பெயர் அவனுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

தோப்பைப் பார்த்துக்கொண்டவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, வருகிற சனிக்கிழமை உங்கள் கணவரோடு போய்ப் பாருங்கள். பணத்தைப்பற்றி முதல் நாளே பேச வேண்டாம். உட்கார்ந்து, அவர் சொல்லுவதைக் கேளுங்கள். வந்தபிறகு எனக்கு எழுதுங்கள், அவருடைய பெயரையும் எழுதுங்கள். காலை ஜெபத்தில் உங்கள் பெயரோடு சேர்த்துச் சொல்லுவதற்கு எனக்கு அது வேண்டும்.

கிறிஸ்துவுக்குள்,
உங்கள் சகோதரன்